நூறாவது கையெழுத்து

அறுபத்துநாலாம் வருடத்துப் பங்குனி மாதம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிற்கு ஐந்து மணிக்கு வக்கீல் வேங்கடசுப்ரமணியன் வருவார். மனுவை வாங்கி மறுநாள் சட்டசபை உறுப்பினரிடம் சேர்ப்பார். நூறு கையெழுத்துக்குக் குறைந்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆசிரியை செண்பகவல்லியின் கையில் தொண்ணூற்றொன்பது இருந்தன. மணியோ நாலரை.

கடைப்படியில் படுத்த ஒரே குற்றத்துக்காக, அவளிடம் படிக்கும் பூமாரி வளர்த்த நாய் ராசாவின் முதுகில் கொதிநீரை ஊற்றியவர் டீக்கடை பூலோகம். கோர்ட்டில் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சிரித்தபடியே திரும்பினார். வளர்ப்புப் பிராணிகளை வதைப்போருக்குச் சிறைத் தண்டனை வேண்டும் என்பதே மனு.

கேம்ப்பின் அந்தச் சந்தில் யார் காகிதம் ஏந்தி வந்தாலும் அது குடிநீர்க் குழாய் மனுதான். படிக்காமலே சஹி, அதாவது கையெழுத்து, போடுவது அங்கே வழக்கம்.

"குழாய்க்கா டீச்சர்? குடுங்க, சஹி போடுதேன்" என்று கடைவாசலைக் கடந்தவளிடம் பூலோகமே கையை நீட்டினார். அவள் வாய் திறக்குமுன் போட்டும் விட்டார்.

தள்ளி நின்ற பூமாரி ஓடிவந்து காதைக் கடித்தாள். "நூறு ஆயிட்டு டீச்சர். அதுவும் அவரு கையாலயே. வாங்க, ஓடிருவோம்."

செண்பகவல்லிக்குக் கால் எழவில்லை. ஏமாற்றி வாங்கியதை வைத்துக்கொண்டு நியாயம் கேட்பதா? "மன்னிக்கணும் அண்ணாச்சி, இது குழாய் மனு இல்லை" என்று முழுவதையும் உரக்கப் படித்தாள்.

பூலோகத்தின் முகம் கறுத்தது. பேனாவைப் பிடுங்கி, காகிதம் கிழியும்படி தம் பெயரை அடித்தார். "ஏ, எல்லாரும் வாங்க. குழாய்னு சொல்லி நாய்க்கு சஹி வாங்குதாவ."

சந்தே திரண்டது. பூமாரி ராசாவைத் தூக்கிவந்து நடுவில் நிறுத்தினாள். தோலுரிந்த முதுகை எல்லோரும் பார்த்தார்கள்.

"வேண்டாம்னு நினைக்கிறவங்க பேரை எடுத்துடலாம்" என்றாள் செண்பகவல்லி.

சொர்ணம்மாள் குடத்தை இறக்கினாள். "நான் குழாய்னுதான் போட்டேன். இப்ப நாய்க்குன்னே போடுதேன். ரெண்டு தரம் போடலாமா டீச்சர்?"

"ஒரு தரம்தான் செல்லும், அம்மா."

"அப்ப எம் மருமவ போடட்டும். ஏட்டி பேராச்சி, வெரசலா வா."

பேராச்சி வந்து நூறாவதாகப் போட்டாள். ஒருவரும் பெயரை எடுக்கவில்லை. ஐந்துக்கு வந்த வக்கீலின் விரல் அடித்த வரியில் நின்றது. "இது யாரு? ஏன் அடிச்சிருக்கு?"

"வெந்நி ஊத்துனவரு அவருதான் சார்" என்றாள் பூமாரி. "அபராதத்துக்குச் சிரிச்ச மனுசன். ஜெயில்னு கேட்டதும் பேர அடிச்சிட்டாரு."

வக்கீல் மனுவைப் பத்திரமாக மடித்தார். "நாளைக்கு மொதல்ல இந்த வரியைத்தான் காட்டப்போறேன்" என்றார்.