பேரம் பேசாத பட்டு

செத்துப்போன மனைவியின் முகூர்த்தப் பட்டுக்கு ராஜரத்தினம் சொன்ன விலை ஆறாயிரம். கேட்டவள் அவர் மகள் மதுமதி. ஐ.நா. வேலையில் சேர அன்று மாலை அவள் ஜெனீவாவுக்கு விமானம் ஏற வேண்டும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் வீட்டில் பெற்ற மகளுக்கும் எதுவும் சும்மா கிடையாது. அவர் விலை சொல்வதும் அவள் அடித்துப் பேசிப் பாதிக்கு வாங்குவதும்தான் இருவரும் கொஞ்சிக்கொள்ளும் விதம்.

மதுமதி பேரம் பேசாமல் ஆறாயிரத்தையும் ஜீபேயில் அனுப்பினாள்.

"என்னட்டி, சொன்ன வெலைக்கே வாங்குத? மேலுக்குச் சொகமில்லையா?"

"ஒண்ணும் தோணலப்பா." பெட்டி கட்டியதிலிருந்தே அவளுக்கு மனசு மரத்துத்தான் கிடந்தது.

"திரும்பி வருவியா?"

"தெரியலப்பா."

அவர் பில் புத்தகத்தை இழுத்தார். "பாதிதான் இதுக்கு வெல. மிச்சத்த அனுப்ப மாட்டேன், நேர்ல வந்து வாங்கிக்க."

வரவு ஆறாயிரம். பட்டு மூவாயிரம். மதுமதிக்குத் தரவேண்டியது மூவாயிரம்.