ஜோடிக் கல்

நகையில் கல் பதிக்கும் பதிப்புக்காரர் இரண்டு வைரங்களையும் கறுப்புத் துணி விரித்த தட்டில் உருட்டிவிட்டு, மெல்லிய குச்சி ஒன்றால் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார். காலி வெள்ளிக் கம்மல்கள் தட்டின் ஓரத்தில் கிடந்தன.

"ஜோடிக் கல்லுங்க. ஒரே கையில வெட்டினது. நூத்தம்பது வருஷமாவது இருக்கும். இதுல எது உசத்தி எது மட்டம்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

பெரியவளுக்கு அதுதான் குறை. ஒன்று கொஞ்சம் உசத்தியாக இருந்திருந்தால் அக்கா என்ற முறையில் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். மூத்தவள் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு என்ன பயன் இருக்கிறது?

அம்மாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடிந்ததும் அம்மா கண் திறந்து, தன் கம்மலைக் கழற்றச் சொன்னாள். "ஆளுக்கு ஒரு மோதிரம் பண்ணிக்குங்க. இன்னிக்கே. ரெண்டு பேர் கையிலயும் பார்த்துட்டுத்தான் போவேன்" என்றாள். நாலு நாளாக ஒரு வாக்கியம் முழுதாகப் பேசாதவள் இதைப் பேசினாள். அதுவும் யாரைப் பார்த்து? முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கிய சின்னவளைப் பார்த்து.

அந்த விஷயம் பெரியவளின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டி, தலைசீவி, புரட்டிப் படுக்கவைத்து, அதற்காக வேலையையும் விட்டவள் அவள். அவளிடம் அம்மா பேசுவது "தண்ணி", "ஜன்னலைச் சாத்து", "முதுகு" இவ்வளவுதான். சின்னவள் வாசலில் பெட்டியை வைத்தாளோ இல்லையோ, "வந்துட்டியா கண்ணு" என்று அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ்கூட, "பாருங்களேன், பொண்ணு வந்ததும் தெம்பு வந்துடுச்சு!" என்றாள். அப்படியானால் நான் யார், கட்டிலுக்குக் கூடுதலாகப் போட்ட ஒரு காலா என்று பெரியவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

புதிதாக மோதிரம் செய்ய நாளாகும். ஆனால் பதிப்புக்காரரிடம் தயாராகச் செய்து வைத்த மோதிரங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் கல் உட்காரவேண்டிய கூடு காலியாக இருந்தது. பிடித்ததை எடுத்துக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் கல்லைப் பதித்துவிடுவார். பெட்டியைத் திறந்து வைத்த நேரத்தில் சின்னவளின் போன் அடித்தது. "வீட்டுலேர்ந்துதான். நீ பாருக்கா, இதோ வந்துடறேன்" என்று அவள் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேங்க" என்றார் பதிப்புக்காரர். "இது மெழுகுவத்தி வெளிச்சத்துக்குன்னு வெட்டின காலத்துக் கல்லு. உள்ள லேசா மஞ்சள் ஓடுது பாருங்க, தேன்ல தண்ணி கலந்தாப்ல. மஞ்சத் தங்கத்துல உக்கார வெச்சா, சுத்தி இருக்கிற மஞ்சள்ல நம்ம கண்ணு ஏமாந்துபோயி, கல்லு வெள்ளைன்னு நினைச்சுக்கும். வெள்ளைத் தங்கத்துல வெச்சா, பக்கத்துல வெள்ளை இருக்கறதால மஞ்சள் தூக்கலாத் தெரியும். எனக்கு அது தப்பில்ல. ஆனா வாங்கிட்டுப் போறவங்க மறுநாள் திரும்பி வந்து சண்டை போடறாங்க."

"எங்களுக்கு வெள்ளையாத் தெரியறதுதான் வேணும்."

"அப்ப ரெண்டுமே மஞ்சத் தங்கத்துல எடுங்க. தங்கச்சிக்கும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள் பெரியவள்.

தனக்கு மஞ்சள் தங்கத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கல்லைச் சுற்றி விளிம்பு ஏறிய, தாழ்வான கூடு. கல்லைக் கவ்விப் பிடிக்க நகம் வைத்த கூடுகள் அழகுதான். ஆனால் போர்வையில் மாட்டும், அம்மாவைத் தூக்கும்போது கீறும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் இனிமேல் தூக்கவேண்டி இருக்காது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷம் பெட்டியில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சின்னவள் திரும்பி வந்தாள். அவள் கைக்கடிகாரம், காதில் இருந்த வளையம், கழுத்துச் சங்கிலி எல்லாமே வெள்ளை. அவள் எதை எடுப்பாள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கல்லையும் நாலைந்து மோதிரங்களையும் தட்டோடு தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒவ்வொரு கூட்டிலும் கல்லை வைத்து, கையை நீட்டிப் பார்த்து, எடுத்து, அடுத்ததில் வைத்து வெகுநேரம் நின்றாள். கடைசியில் ஆறு நகம் வைத்த வெள்ளைத் தங்க மோதிரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எப்படிக்கா இருக்கு?"

பதிப்புக்காரர் சொன்னது பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பதிப்புக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பெரியவளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டார். பெரியவள் தலையை ஆட்டினாள். சொல்லப்போனால் அது பொய்கூட இல்லை, வெறும் தலையாட்டல் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கப்போகிறாள். ஒரு கை பளிச்சென்று இருக்கும். மற்றொன்று மங்கி, அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். "பெரியவளோடதுதான் எடுப்பா இருக்கு" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா சொல்லிவிட்டால் போதும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து அது ஒன்றே போதும்.

பதிப்புக்காரர் மேஜை விளக்கின் கீழே குனிந்து, சிறிய உளியால் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் மேல் மடக்கிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் பெஞ்சில் காத்திருந்தார்கள். சின்னவள் எதிர்க்கடையிலிருந்து டீயும் பன்னும் வாங்கிவந்து, பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை அக்காவிடம் நீட்டினாள்.

"நீ எப்படிக்கா சமாளிச்ச? நேத்து ஒரு ராத்திரி அம்மா பக்கத்துல உக்காந்ததுக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

"பழகிடுச்சு."

"என்மேல கோபமா?"

"கோபப்பட நேரம் எங்க இருந்துச்சு எனக்கு?" என்றாள் பெரியவள். சின்னவள் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவளாகவே இருந்து தொலைக்கிறாளே என்று பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது.

பதிப்புக்காரர் இரண்டாவது மோதிரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "மூச்சு மாறுது. சீக்கிரம் வாங்க."

டாக்சியில் இருவரும் மோதிரங்களை விரலில் போட்டுக்கொண்டார்கள். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பெரியவள் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பகல் வெளிச்சத்தில் அந்தக் கல் நன்றாகவே மஞ்சள் தட்டியிருந்தது. தன்னுடையது பனித்துளி மாதிரி வெளுத்திருந்தது. சாகக் கிடக்கும் அம்மாவை நினைக்காமல் இதையா பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று தோன்றியது. தோன்றியும் கண் அகலவில்லை.

நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தாள். அம்மாவின் மூச்சு நின்று நின்று, ஞாபகம் வந்தது போல மறுபடியும் புறப்பட்டது. பெரியவள் முந்திக்கொண்டு கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அதுதான் அம்மாவுக்குப் பார்வை சரியாக இருந்த பக்கம். சின்னவள் சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"அம்மா, பாரு. மோதிரம் பண்ணிட்டோம்" என்று பெரியவள் கையை முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். விருந்தாளியின் கையைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். "புதுசா? எந்தக் கடையில வாங்கின?"

"உன் கல்லும்மா. உன் கம்மல் கல்லு."

"இல்லியே" என்றாள் அம்மா. "என்னோடது இப்படி வெள்ளையா இருக்காதே."

சின்னவள் தன் கையை எடுத்து அம்மாவின் மார்பின் மேல் வைத்தாள். அம்மா தலையைச் சிரமப்பட்டுச் சாய்த்து அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டைவிரலால் அந்தக் கல்லைத் தேய்த்தாள். கண்ணாடி முன் நின்று கம்மலைப் போட்டதும் அவள் எப்போதும் அப்படித்தான் ஒரு தேய் தேய்ப்பாள்.

"இந்தா இருக்கு" என்றாள். "உங்கப்பா வாங்கிட்டு வந்து குடுத்தப்ப, என்னங்க மஞ்சளா இருக்குன்னு கேட்டேன். சாயங்காலத்தைப் பிடிச்சு வெச்சிருக்காங்க, போட்டுப் பாருன்னாரு." இவ்வளவையும் சொல்ல அவளுக்கு எத்தனையோ மூச்சு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சின்னவளின் விரலைப் பிடித்தபடியே இருந்தாள். பெரியவள் தன் பங்குக்கு அம்மாவின் வலக்கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தது அவள்தான், அம்மாவின் கை சும்மா கிடந்தது. மூன்றரை மணிக்கு மூச்சு ஒருமுறை நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். அது திரும்பப் புறப்படவில்லை.

நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, டாக்டருக்குச் சொல்லக் கூடத்துக்குப் போனாள். அறையில் அக்காவும் தங்கையும் அம்மாவும் இருந்தார்கள். தெருவில் யாரோ பிரம்புக் கூடைகளை விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தன் மோதிரத்தைக் கழற்றி, அம்மாவுக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தாக்கா. மாத்திக்கலாம்."

"எதுக்கு?"

"இதைத்தானே அம்மா தன்னோடதுன்னு சொன்னா? இது உன்கிட்டதான் இருக்கணும். இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டது நீ."

பெரியவள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டாள். நீட்டிய கை பாதியில் நின்றது. "வெள்ளையில வெச்சா மஞ்சள் தூக்கிக்காட்டும்னு அந்தப் பதிப்புக்காரர் என்கிட்ட சொன்னாரு. உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான் வேணும்னேதான் சொல்லல" என்றாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்தாள். "அதைச் சொல்லித்தான் தெரியணுமாக்கா? வாசல்ல வெச்சுப் பார்த்தேனே. மஞ்சத் தங்கத்துல வெச்சா யாரோ ஒருத்தரோட வைரம் மாதிரி இருந்துச்சு. இதுல வெச்சதும் அம்மா காதுல இருந்த மாதிரியே ஆயிடுச்சு. அதனாலதான் எடுத்தேன்."

"அப்ப என்கிட்ட நீயும் சொல்லலியே."

"நீ பிடிச்சு எடுத்துட்ட. நான் என்னத்த சொல்ல?"

தங்கை திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். நாலு வருஷமாகத் தினம் ஒரு பழைய பிரஷ்ஷால் அந்தக் கம்மலைத் தேய்த்துக் கழுவியவள் பெரியவள். ஒவ்வொரு தடவையும் இந்த மஞ்சள் போகமாட்டேன் என்கிறதே என்று நொந்துகொண்டவள். வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவளுக்கு அது அழுக்கில்லை, நிறம் என்று தெரிந்திருந்தது. பொறாமை இந்த அளவுக்கு வலிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அம்மா போன துக்கமும் இதுவும் ஒரே இடத்தில் வலித்தன. எது எதுவென்று பிரிக்கமுடியவில்லை.

"நீயே போட்டுக்கோ" என்று தங்கையின் கையை மூடிவிட்டாள். அதில் பாதி பெருந்தன்மை, பாதி ரோஷம்.

வாசலில் டாக்டரின் கார் வந்து நின்றது. பெரியவள் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். கழுத்தோரம் வியர்வையைத் துடைத்தாள். அம்மாவின் காதில் நாற்பது வருஷக் கனத்தில் நீண்டுபோன ஓட்டை வெறுமையாக இருந்தது. நெற்றியிலிருந்து கொஞ்சம் முடியை இழுத்து, அந்தக் காதை மறைத்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் சின்னவள் அதைப் பார்த்து, தானும் கையை உயர்த்தினாள்.

"இரு, இரு. உனக்கு வராது" என்று பெரியவள் எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், அந்தக் காதையும் தானே மறைத்தாள்.