அஷ்டமி, நவமி, மூன்றாம் அத்தியாயம்

என் முனைவர் பட்டப் பதிவு ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டில் என் வழிகாட்டி வைதேகி மேடத்தின் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் ஏழு வருடம் தண்டம்; தரமணி கேண்டீனில் குடித்த டீ மட்டும்தான் மிச்சம்.

ஆய்வு இதுதான். சில அமைப்புகள் இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. கொஞ்ச நேரம் முன்பு எங்கே நின்றோம் என்று பார்த்து அடுத்த அடி வைக்கும். சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கும், ஆனாலும் குடிகாரரைப் போலக் கிளம்பிய இடத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். தாமதம் ஒரே அளவாக இருந்தால் விலகல் கொஞ்சம். தாமதமே கூடிக் குறைந்தால் விலகல் பல நூறு மடங்கு.

மேடம் திரையில் படிக்க மாட்டார். நான் அச்செடுத்து மயிலாப்பூரில் அவர் வீட்டில் கொடுக்க வேண்டும். சிவப்பு மையில் திருத்தித் தருவார். முன்பெல்லாம் சரியாகப் பதினைந்து நாள். அதுவரை சும்மா இருக்கப் பயந்து நான் அடுத்த பிரதியையும் கொடுத்துவிடுவேன். ஆக, வருகிற திருத்தம் எப்போதும் முந்தைய பிரதிக்கானது. அதைப் புதிய பிரதியில் போடுவேன். மூன்றாம் அத்தியாயம் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.

போன வருடம் மேடத்துக்குப் பஞ்சாங்கப் பற்று முற்றியது. அஷ்டமி, நவமி, கரிநாள், ராகு காலம் எதிலும் காகிதம் கைமாறாது. உலகம் மதிக்கிற மூளை, நாள் பார்த்துத்தான் வேலை செய்யும். ஒரு திருத்தம் நான்கு நாளில் வந்தது, அடுத்தது நாற்பது நாளில். எது எந்தப் பிரதிக்கு என்று குழம்பி, வந்ததையெல்லாம் போட்டேன். லேசர் கருவியை உதாரணமாக வைத்துக் கிளம்பிய மூன்றாம் அத்தியாயம் இதயத் துடிப்புக்குப் போய், மே மாதம் தி. நகர் மேம்பாலப் போக்குவரத்தில் வந்து நின்றது.

"இன்னா மாறா, உன் அத்தியாயம் ஊர் சுத்திக்கினு கீது," என்றாள் பக்கத்து மேசை மஹ்விஷ், திருவல்லிக்கேணிக்காரி.

எரிச்சல் தாங்காமல் பழிவாங்கினேன். மூன்றாம் அத்தியாயத்தைப் பழைய லேசருக்கே திருப்பிவிட்டு, திருத்தங்கள் வந்த தேதி, அத்தியாயம் விலகிய தூரம் எல்லாவற்றையும் வரைபடமாக்கி ஆறாம் அத்தியாயமாகச் சேர்த்தேன். தலைப்பு, 'ஒரு வழிகாட்டியும் ஒரு மாணவனும்'. பெயர் போடவில்லை. சமன்பாடு அச்சு அசலாகப் பொருந்தியது. எனக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம்.

ஜூன் முப்பது, மாலை நாலரை மணி. துறையில் மேடத்தின் அறை. அவர் ஆறாம் அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வழிகாட்டி நான்தான்னு தெரியறது. நன்னா எழுதியிருக்கே."

மேடம் தாளின் மேல் மூலையில் விரலை வைத்தார்.

"ஆனா ஒண்ணை விட்டுட்டே. நீ குடுத்த ஒவ்வொரு காப்பியிலயும் மேல் மூலைல தேதி அச்சாயிருக்கு. எந்தக் காப்பிக்கு வந்த திருத்தம்னு பாத்திருந்தா, பழசை ஒதுக்கி வெச்சிருப்பே. லேட்டா குடுத்தது நான். பாக்காம போட்டுண்டே இருந்தது யாரு?"

"நீங்க சொன்னா செய்யணும்னு நெனச்சேன், மேடம்."

"நெனைக்கலை. பயந்துண்டே."

ஏழு வருடமாகத் தாமதத்தைப் படித்தவன் ஒரு தேதியைப் படிக்கவில்லை. அவமானமாக இருந்தது. இனி கோபப்பட ஆள் இல்லையே என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மேடம் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். நவமி. மணி நான்கு நாற்பத்தைந்து. இன்று கையெழுத்துப் போட மாட்டார் என்றே நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு நவமி, மேடம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அதனால என்ன? தோஷம் வந்தா எனக்கில்லையே, ஆய்வேடு உன்னோடதுதானே."