பத்தொன்பதாம் அத்தியாயத்து மழை

அன்று மதியம் சுடர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. திருவாரூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் எக்ஸ்ரே டெக்னீஷியன். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தள்ளிக்கொண்டே போனவள் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அது ஒரு மங்கா, ஜப்பானியப் படக்கதை. வெள்ளம் வரும் ஊரில் படகு ஓட்டும் ஒருத்தியின் கதை. வரைந்தவர் பதிப்பகம் எதிலும் சேராமல் சொந்தமாக இணையத்தில் வெளியிடுபவர். காசு வாங்காமல் தமிழில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்து, அச்சுக்குப் போகும் பெரிய அளவுப் படங்களையே அனுப்பிவிட்டார். கும்பகோணத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் வானதி வசனங்களை மொழிபெயர்ப்பாள். ஜப்பானிய எழுத்தை அழித்து, அழித்த இடத்தில் படத்தை மறுபடி வரைந்து, தமிழை வைப்பது சுடர்விழியின் வேலை. திருச்சியில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழரசன் தன்னுடைய டெலிகிராம் சேனலில் வெளியிடுவான். சேனலில் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஏழாம் பக்கம் முழுக்க மழை. மழையின் சத்தத்தை ஓவியர் பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்தாக எழுதியிருந்தார். அந்த எழுத்தை எடுத்துவிட்டு, அதற்கடியில் இருக்க வேண்டிய மழைக்கோடுகளையும் பொடிப்புள்ளிகளால் ஆன சாம்பல் வானத்தையும் வேலை முடிந்து வந்து தினமும் உட்கார்ந்து சுடர்விழி வரைந்திருந்தாள். வெளியாகியிருந்ததோ அந்தப் பக்கம் அல்ல. எழுத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ‘சோ’ என்று ஒரே ஓர் எழுத்து. படத்தைச் சுருக்கியதில் வானத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்பி அலையலையாக நெளிந்தன. ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் அழுக்கு. படகுக்காரியின் முகத்தின் மேல் சேனலின் பெயர்.

கையைக் கழுவிவிட்டுத் தமிழரசனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நான் அனுப்புன பக்கத்த ஏன் போடல?”

“பாதிதானே அனுப்பியிருந்த. மிச்சத்துக்கு டைம் கேட்ட. சனிக்கிழமை போடுறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ல. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு நானே மொத்தத்தையும் உக்காந்து முடிச்சிட்டேன்.”

“அவ மூஞ்சி மேல பேர எழுதி வச்சிருக்கீங்க.”

“இல்லன்னா வேற சேனல்காரன் தூக்கிட்டுப் போயிருவான்.”

“வானத்தப் பாத்தீங்களா? மழை மாதிரியா இருக்கு?”

தமிழரசன் சிரித்தான். “சுடர், ஓசியில படிக்கிறவங்கம்மா. பஸ்ல போறப்ப போன்ல தள்ளிப் பாக்குறவங்க. அவங்களுக்கு இது போதும்.”

சுடர்விழி போனை வைத்தாள்.

அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் குடவாசலுக்கு டியூஷன் போவாள். மற்ற பிள்ளைகளுக்கு அச்சடித்த புத்தகம். அவளைப் போலக் காலனியிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள். அதில் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். எட்டை மூன்று என்று எடுத்துக் கணக்கைத் தப்பாகப் போட்டதும், நல்ல தாளாகக் கொடுங்கள் சார் என்று கேட்டாள். “உங்களுக்கு இது போதும்மா” என்றார் டியூஷன் வாத்தியார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். அன்றைக்கு அவள் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அவள் பேசாமல் இருக்கப்போவதில்லை.

வீட்டுக்குப் போனதும் மீதிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சில நாளில் முடிந்ததும் சேனலின் கருத்துப் பகுதியில் முழு அத்தியாயத்தையும் போட்டாள். “இதுதான் ஓவியர் வரைந்தது. நீங்கள் இதைப் பார்க்க வேண்டும்” என்று ஒரே ஒரு வரி எழுதினாள். அதிலிருந்த ஏழாம் பக்கத்தை யாரோ ஒருவர் தமிழரசனின் ஏழாம் பக்கத்தோடு சேர்த்து ஒட்டிப் போட்டார். கீழே கேள்விகள் குவிந்தன. தமிழரசன் எல்லாவற்றையும் அழித்தான். சுடர்விழியையும் குழுவிலிருந்து நீக்கினான்.

அன்று மாலையே வானதி கூப்பிட்டாள். “என்ன சுடர், ஒன்ன வெளிய தள்ளிட்டானாமே?”

“ஆமாக்கா.”

“நானும் வந்துட்டேன். என் வசனத்த எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஓவியருக்கும் மெயில் போட்டுச் சொல்லிட்டேன். இனிமே நாம ரெண்டு பேரும் போடுவோம்.”

“நாலாயிரம் பேர விட்டுட்டு வர்றீங்க. நம்மகிட்ட ஒருத்தரும் இல்லக்கா.”

“ஒருத்தரும் இல்லன்னா என்ன, அவசரப்படுத்தவும் ஆளில்ல. மொத அத்தியாயத்துலேருந்து ஆரம்பி.”

முதல் அத்தியாயத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழே இறங்குவது. அதனால் பேச்சுக் குமிழ்கள் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். தமிழ்ச் சொல்லுக்கு அகலம் வேண்டும். பழைய பக்கங்களில் தமிழரசன் சொல்லை நடுவில் முறித்து ‘மாட்’ என்று ஒரு வரியும் ‘டேன்’ என்று ஒரு வரியுமாக அடைத்திருந்தான். ஒரு சொல்லையும் முறிப்பதில்லை என்று சுடர்விழி முடிவு செய்தாள்.

படகை விட்டு இறங்கும்படி அதிகாரி ஒருவன் மிரட்டும் இடத்தில் வேலை நின்றது.

“‘இந்தப் படகை விட்டு நான் இறங்கமாட்டேன்’னு எழுதியிருக்கீங்க. குமிழ்ல நிக்காதுக்கா. எழுத்தச் சின்னதாக்குனா போன்ல தெரியாது.”

“‘இறங்கமாட்டேன்’னு மட்டும் வச்சுப் பாரு.”

“அதுவும் இடிக்குது. ‘முடியாது’ன்னு வச்சா?”

வானதி கொஞ்சம் யோசித்தாள். “படகுலதான உக்காந்திருக்கா. எது முடியாதுன்னு அவனுக்குத் தெரியாதா? வையி.”

குமிழுக்குள் அந்த ஒரு சொல் நாலாபக்கமும் இடம் விட்டுக் கறுப்பாக நின்றது.

புதிய சேனலில் மெல்ல ஐம்பது பேர் சேர்ந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து யூனுஸ் என்றொருவர் எழுதினார்: “படம் அருமையா இருக்குங்க. ஆனா எங்க பக்கம் டவர் சரியில்ல. ஒரு அத்தியாயம் இறங்குறதுக்குள்ள போன் சூடாயிருது.”

சுடர்விழிக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. இறக்கவே முடியாத படம் எவ்வளவு தெளிவாக இருந்து என்ன? சுருக்கும்போது கோடுகளை அழுக்காக்கும் ஜேபெக் வகைக் கோப்பை ஒதுக்கிவிட்டாள். இந்தக் கதையில் கறுப்பும் வெள்ளையும் சில சாம்பல்களும் தவிர வேறு நிறமே கிடையாது. நிறங்களைப் பதினாறு சாம்பலாகக் குறைத்து, அழுக்கு சேராத வகையில் சேமித்துப் பார்த்தாள். பெரிய படத்திலிருந்து ஒரே தடவை மட்டும் சுருக்கினாள். சுருக்கியதை மறுபடி சுருக்கவில்லை. கோப்பு பாதிக்கும் கீழே வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். வானத்துப் புள்ளி ஒன்றுகூடக் கலையவில்லை.

“இப்ப சட்டுனு இறங்குதுங்க” என்று யூனுஸ் எழுதினார்.

செய்த விதத்தை ஒளிக்காமல் அவள் சேனலில் எழுதிப் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஐம்பது நூறாயிற்று, நூறு முந்நூறாயிற்று. ‘உங்க பக்கம் ஏன் கலங்கலா இருக்கு?’ என்று தமிழரசனின் சேனலில் ஆட்கள் கேட்கத் தொடங்கியதாக வானதி சொன்னாள்.

தமிழரசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான்.

“சுடர், நடந்தது நடந்துபோச்சு. திரும்பி வந்துருங்க ரெண்டு பேரும். ஒம் பேர முன்னாடி போடுறேன்.”

“படத்து மேல எதையும் எழுதக் கூடாது. முடியாத பக்கத்த வெளிய விடக் கூடாது. சரிங்களாண்ணா?”

“வாராவாரம் போடலன்னா ஆள் போயிருவாங்கம்மா.”

“போறவங்க போகட்டும்ண்ணா.”

“நீ பேசுறது நடைமுறைக்கு ஒத்துவராது. முந்நூறு பேருக்காக இப்படிக் கண்ணு போக உக்காந்திருக்கப் போறியா?”

“ஆமா. மூணு பேரா இருந்தாலும் உக்காருவேன். எது போதும்னு அவங்க சொல்லட்டும். நீங்களும் நானும் யாருண்ணா சொல்றதுக்கு?”

“ஒன் இஷ்டம்” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா ரெத்தினம் எட்டிப் பார்த்தார். வயலுக்கு மடை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். “யாருகிட்டம்மா சண்ட?”

“சண்ட இல்லப்பா. ஒரு வேலைக்குக் கூப்டாங்க. வரலன்னு சொல்லிட்டேன்.”

“நல்ல வேலையா?”

“இல்லப்பா.”

“அப்ப சரி” என்று அவர் வெளியே போனார்.

தமிழரசன் வேறு யாரையோ வைத்து இருபதாம் அத்தியாயத்தை அந்த வாரமே வெளியிட்டான். சுடர்விழியும் வானதியும் அதை எட்டுவதற்குள் வயலில் குறுவை நெல் அறுப்பே முடிந்துவிட்டது. வெளியிடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் ஒரு குமிழின் ஓரம் லேசாகப் பிசிறியிருந்ததைச் சுடர்விழி கண்டாள். “இன்னிக்கு வேணாங்க்கா, நாளைக்குப் போடலாம்” என்று வானதிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள்.