அறுந்த நுனி

நாற்காலிகளை எங்கே இறக்குவது என்று வாசலில் யாரோ கேட்டார்கள். அவள் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கணவரின் உடலைக் கொண்டுவர இன்னும் அரை மணி நேரமாகுமாம். அதற்குள் ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அழுகையெல்லாம் அப்புறம்.

தூண்டில் கோல் மூலையில் சாய்ந்திருந்தது. ஆற்றிலிருந்து கொழுந்தன்தான் அதைத் தூக்கி வந்திருந்தான். நடந்ததாக அவன் சொன்னது இவ்வளவுதான்: அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று பெரிய பல்லன் ஒன்றோடு மல்லுக்கட்டினார். தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். பின்மண்டை பாறையில் மோதியது.

பல்லன் என்பது அண்ணனும் தம்பியும் அந்த மீனுக்கு வைத்த பெயர். அதற்கு வாய் முழுக்க ஊசிப் பல்தான். இறகும் முடியும் வைத்துக் கட்டிய பொய்மீனை ஒரே கவ்வாகக் கவ்வும். வெறும் நைலான் நரம்பு அந்தப் பல்லுக்கு எந்த மூலைக்கு? அதனால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி. கம்பியும் நரம்பும் சேரும் முடிச்சில்தான் சகலமும் இருக்கிறது. அவருக்குக் கிட்டத்தில் பார்வை மங்கியபின் அந்த முடிச்சு அவள் கைக்கு வந்தது. இறுக்குவதற்கு முன் அதை வாயில் வைத்து நனைக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் நரம்பு வெந்து பலமிழந்துவிடும், வெளியே தெரியாது.

"உன் எச்சில்லதான்டி என் மானமே ஓடுது" என்பார் மனுஷர்.

நேற்று மாலை சண்டை. "அந்த மீனையே கட்டிக்கிட்டிருக்கலாமே நீங்க" என்றதில் தொடங்கி, மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டேதான் முடிச்சைப் போட்டாள். வாய்க்கு அத்தனை வேலை இருந்தபோது அது முடிச்சை நனைத்ததா? காலையிலிருந்து யோசிக்கிறாள், நினைவுக்கு வரவில்லை.

நரம்பின் அறுந்த நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிச்சு விட்டிருந்தால் நுனி சுருண்டிருக்கும். பல் பட்டிருந்தால் பிசிறடித்துச் சொரசொரப்பாக இருக்கும்.

கோலை எடுக்கப் போனபோது கதவு திறந்தது. கொழுந்தன். ஈரக் கால்சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"அண்ணி, எல்லாரும் தேடுறாங்க. இங்க என்ன பண்றீங்க?"

"நுனியப் பாக்கணும்."

"பல்லுதான் அண்ணி. கம்பிக்கு மேல ஏறிக் கடிச்சிருச்சு. நான்தான் பாத்தேனே."

"நீ பாத்தே. நான் பாக்க வேணாமா?"

அவன் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் நரம்பை ஜன்னல் பக்கம் இழுத்து, நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். சுருளவில்லை. மனம் ஒரு நொடி லேசானது. மறுபடி தடவினாள். பிசிறும் இல்லை. நுனி வழவழவென்று நேராக இருந்தது.

திரும்பினாள். கொழுந்தன் கழுத்துக் கயிற்றில் நரம்பு நறுக்கும் சின்னக் கத்தரி தொங்கியது. அவள் பார்ப்பதைப் பார்த்து அவன் கை அதை மூடிக்கொண்டது.

பல் கடித்ததை எவனும் நறுக்கி மறைக்க மாட்டான். அப்படியானால் இங்கே இருந்தது சுருள்தான். அண்ணன் கிடந்த கிடையில், ஆம்புலன்ஸ் வருவதற்குள், இவன் அவளுக்காக இதையும் நினைத்துச் செய்திருக்கிறான். இன்னொரு கேள்வி கேட்டால் உடைந்துவிடுவான் போலிருந்தது.

"ஆமா" என்றாள். "பல்லுதான்."

"அண்ணி..."

"பாத்தாலே தெரியுதே. நீ போய் ஈரத்த மாத்து. சளி பிடிச்சுக்கும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து அழுகைச் சத்தமும் கேட்டன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ரீலின் கைப்பிடியைப் பிடித்து, நரம்பை நிதானமாக உள்ளே சுற்றத் தொடங்கினாள்.