நான்கு சக்கரப் பூட்டும் இரண்டு சம்பந்திகளும்

டீச்சரம்மா டாக்ஸியிலிருந்து இறங்கி மூன்று மாடியும் ஏறி மகள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள். பெட்டியில் நம்பர் பூட்டு தொங்கியது. பித்தளை நிறம், நான்கு சக்கரம்.

சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. பிரசவத்துக்குத் துணையாக முந்தின நாள்தான் வந்திருந்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் நிறையப் போயிருக்கு. ஏத்தலாம்னு பாத்தா எந்த ரத்தமும் இவளுக்குச் சேர மாட்டேங்குதாம்."

இரண்டு வருஷம் முன்னால் வேறு ஊரில் மகளுக்குக் கரு கலைந்தபோது ரத்தம் ஏற்றினார்கள். அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. எந்த வகை ரத்தம் ஆகாது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டை கிடைத்தால் உடனே சரியான ரத்தத்தைத் தேடலாம், இல்லாவிட்டால் பரிசோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், மணிக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயங்குவதற்கு முன் மகள் "பெட்டியில இருக்கும்மா" என்றாள். நம்பரைக் கேட்பதற்குள் கண் செருகிவிட்டது. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர், நடுக்கடலில் இருக்கிறான். போன் எடுக்கவில்லை. மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு டீச்சரம்மா ஓடி வந்திருந்தாள்.

மகளின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாள். கல்யாண நாள், மாப்பிள்ளை பிறந்த வருஷம், பழைய வீட்டுக் கதவு எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். பூட்டு அசையவில்லை.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. வாட்ச்மேன்கிட்ட சுத்தியல் வாங்கிட்டு வந்திருக்கேன்."

நாலு அடி அடித்தாள். பூட்டின் வயிறு லேசாக அமுங்கியது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைகளெல்லாம் அடைத்திருந்தன. பூட்டின் கம்பியை வெட்ட யாரைக் கூப்பிடுவது?

முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய வாய், தன்னையறியாமல் கணக்குப் போட்டது. "ஒரு சக்கரத்துக்குப் பத்து எண். நாலு சக்கரம். பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்து, பத்தாயிரம். ஒண்ணுக்கு ரெண்டு செகண்டுன்னாலும் அஞ்சரை மணி நேரம்." சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சம்பந்தியம்மா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பூட்டை உள்ளங்கையில் ஏந்தினாள். "நல்ல வேளை, உடம்புலதான் அடிச்சிருக்கீங்க. சக்கரம் நசுங்கல" என்றாள். வளைவுக் கம்பியை இடது கை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு சக்கரத்தையும் லேசாக அசைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"நாலு சக்கரமும் ஒரே அளவுன்னு பேருதான். செய்யும்போது மயிரிழை வித்தியாசம் வந்துடும். கம்பிய இழுத்தா எல்லாம் ஒண்ணா முட்டாது, ஏதோ ஒண்ணுதான் முதல்ல முட்டும். அது மட்டும் இறுக்கமா இருக்கும். இதோ, இந்த மூணாவது."

மூன்றாவது சக்கரத்தை ஒவ்வோர் எண்ணாகத் திருப்பினாள். எட்டில் வந்ததும் நின்றாள். "இங்க கம்பி ஒரு துளி வெளிய வந்துச்சு. தொட்டுப் பாருங்க."

டீச்சரம்மா தொட்டுப் பார்த்தாள். அவள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க சொன்ன கணக்கு சரிதான் டீச்சரம்மா. நாலையும் சேத்துக் கண்டுபிடிக்கணும்னா பத்தாயிரம். ஆனா ஒவ்வொண்ணாப் பிடிபட்டா பெருக்க வேண்டியதில்ல, கூட்டினாப் போதும். பத்தும் பத்தும் பத்தும் பத்தும், நாப்பது."

டீச்சரம்மா எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பத்தாயிரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பாள். பூட்டுக்குள்ளே அது நாற்பதாகச் சுருங்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்து முதல் சக்கரம் இறுகியது. இரண்டில் நின்றது. அப்புறம் நான்காவது, பூஜ்யம். கடைசியாக மிஞ்சிய இரண்டாவது சக்கரத்தை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தில் 'டக்'கென்று கம்பி கையோடு வந்துவிட்டது. முழுசாக ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம். போனில் நடு வரிசைப் பொத்தான்கள், மேலிருந்து கீழே நேராக. "கழுத, இதத்தான் வச்சிருக்கா" என்றாள் டீச்சரம்மா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நகைப் பெட்டிக்குக் கீழே ஒரு உறையில் அட்டை இருந்தது. போட்டோ எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு, இருவருமாக டாக்ஸி பிடித்தார்கள்.

வழியில் டீச்சரம்மா கேட்டாள்: "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"பூட்டுக் கம்பெனியில இருபத்தெட்டு வருஷம் பரிசோதனை மேஜை. எது சுலபமாத் திறக்குதுன்னு பாத்து ஒதுக்கி வைக்கறதுதான் வேலை. விலை கம்மியான பூட்டுல முக்காவாசி இப்படித்தான். நாங்க ஒதுக்கினதக்கூடச் சில சமயம் பெட்டியில போட்டு அனுப்பிடுவாங்க."

டீச்சரம்மாவுக்கு முகம் சுட்டது. பெண் பார்த்த சமயத்தில் தன் தங்கையிடம், "பையன் தங்கம், அம்மாதான் ஏதோ கம்பெனியில பூட்டு மாட்டிக்கிட்டு இருக்காளாம்" என்று சொல்லிச் சிரித்தவள் அவள்தான். கதவுக்கு வெளியே சம்பந்தியம்மா நின்றிருந்தாளோ என்று ஒரு சந்தேகம் அன்றே இருந்தது.

"நான் உங்களப் பத்தி அன்னிக்கு ஒண்ணு சொன்னேன்..."

"காதுல விழுந்துச்சு" என்றாள் சம்பந்தியம்மா. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ரெண்டு நாள் வருத்தமா இருந்துச்சு. அப்புறம் உங்க பொண்ணு வந்தா. அவ குணத்துக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்றாள்.

"மன்னிச்சிடுங்க."

சம்பந்தியம்மா டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை விடவில்லை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நகரத்தின் மறுகோடியிலிருந்த ரத்த வங்கியில் பொருத்தமான ரத்தம் இரண்டு பை கிடைத்திருந்தது. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. அம்மாவும் பிழைத்துக்கொண்டாள். "அட்டை மட்டும் வரலேன்னா ரொம்ப சிரமப்பட்டிருப்போம்" என்றார்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது டீச்சரம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல அவங்ககிட்டக் குடுங்க" என்றாள். பூட்டை ஏந்திய அதே உள்ளங்கையில் சம்பந்தியம்மா குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டீச்சரம்மா கீழே கேன்டீனுக்குப் போய் இரண்டு டீயும் பன்னும் வாங்கி வந்தாள். திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா பெஞ்சில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. டீயை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தலை சரிந்து தன் தோளில் விழுந்ததும், அது வழுக்கிவிடாதபடி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.