துருத்தியின் வாய்

“பொம்பள கையில துருத்தியக் குடுக்கறதா? அதுவும் புருஷன் உள்ள பொணமாக் கெடக்கறப்ப?”

கிணற்றடியில் கங்காணி மணியம் கத்துவது ரப்பர் மரத்தடி வரை கேட்டது.

“வேற யாரு இருக்கா, சொல்லுங்க? எனக்கு இருந்த ஒரே மச்சான் அங்கதான கெடக்கான்!”

பதில் சொன்னது வீரமுத்து. மரத்தடியில் மாமியார் செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருப்பாயிக்கு அண்ணன். கிணற்றில் இறங்குகிறவனுக்கு மேலே மச்சான் நிற்க வேண்டும் என்பது மலாயாவில் பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இவர்களுடைய வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. காலையில் தூர் வார இறங்கிய அவள் புருஷன் அய்யாவுக்கு வீரமுத்துதான் நின்றான். அடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு வேலையில் குனிந்த அய்யாவு எழுந்திருக்கவேயில்லை. பிறகு இறக்கிய விளக்கும் பாதியிலேயே அணைந்தது. கெட்ட காற்று.

ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்தில் தீப்பிடித்தால் மாட்டிக்கொள்ளச் சீமையிலிருந்து வந்து ஸ்டோரில் கிடந்த தோல் முகமூடியை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சிவசம்பு எடுத்து வந்திருந்தார். முகத்துக்குக் கண்ணாடி, வாயிலிருந்து நீளமான குழாய், குழாயின் மறுமுனையில் துருத்தி. இதுவரை யாரும் போட்டதில்லை. வீரமுத்து அதை மாட்டிக்கொண்டு மச்சானின் உடலை எடுக்க இறங்கப்போகிறான்.

கருப்பாயி எழுந்து போனாள்.

“நானே அமுக்குறேன்.”

“தீட்டு கீட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல...”

“அப்ப நீங்க அமுக்குங்க கங்காணி.”

“எனக்கு இடுப்பு வலி,” என்று மணியம் ஒதுங்கிக்கொண்டார்.

“பிள்ளை, கவனமாக் கேள்,” என்றார் சிவசம்பு. “இஞ்ச இருக்கிற காத்துத்தான் குழாய்க்குள்ளால அவன்ர மூக்குக்குப் போகுது. நிப்பாட்டினியெண்டா அவனுக்கு மூச்சில்லை. கயிறு ரெண்டு தரம் ஆடினா, காத்துக் காணாதெண்டு அர்த்தம். ஒரு தரம் ஆடினா, உடம்பைக் கட்டியாச்செண்டு அர்த்தம்.”

வீரமுத்து முகமூடியைத் தூக்கிக் காட்டினான். “பாரு, தும்பிக்கை.”

“புள்ளையாருக்கு இப்படி ஒட்டுன வயிறு கெடையாதுண்ணே.”

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் ஒரு கயிறும், உடலைக் கட்ட இன்னொரு கயிறுமாக அவன் இறங்கினான். வேலுவும் இன்னொருவனும் கயிற்றைப் பிடித்தார்கள். அவள் மண்டியிட்டு அமுக்கத் தொடங்கினாள்.

செல்லம் அழுதுகொண்டே சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். மகனின் உயிர் கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது அவளுக்கு. காற்றில் தணல் பறக்காமலிருக்கத் துருத்தியின் மறைவில் சட்டியை வைத்தாள். எல்லார் கண்ணும் கயிற்றில்தான் இருந்தது.

கயிறு இரண்டு தரம் ஆடியது.

“காத்துப் பத்தலையாம்!” என்றான் வேலு.

அவள் வேகமாக அமுக்கினாள். கயிறு மறுபடி ஆடியது. இன்னும் வேகமாக அமுக்கினாள். இப்போது கயிறு வெட்டி வெட்டி இழுத்தது.

“தூக்குங்கடா!”

“தூக்குறோம் டிரெசரையா, எங்கயோ சிக்கிக்கிச்சு!”

அப்போதுதான் கருப்பாயி பார்த்தாள். சாம்பிராணிப் புகை மேலே போகவில்லை. அவள் துருத்தியைத் தூக்கும்போதெல்லாம் வளைந்து அதன் வாய்க்குள் போனது. அவள் அமுக்க அமுக்க அண்ணனுக்குப் போனது அந்தப் புகைதான்.

கையை எடுக்க முடியாது. வெறுங்காலால் சட்டியை உதைத்தாள்.

“அடிப்பாவி! எம்மவனுக்கு வச்சதுடி! காலால ஒதைக்கிறியா?”

செல்லம் அவள் முதுகில் அடித்தாள். அடி விழ விழக் கருப்பாயி அமுக்கினாள். உதைத்த காலை அப்படியே துருத்திக்கு முட்டுக்கொடுத்து ஊன்றியிருந்தாள்; சிதறிய தணல் ஒன்று குதிகாலுக்கடியில் இருந்தது. காலை நகர்த்தினால் துருத்தி சாயும். நகர்த்தவில்லை.

கயிறு நின்றுவிட்டது.

“போச்சு,” என்றார் மணியம்.

“சும்மா இருங்க!” அவள் கை நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு கயிறு மெதுவாக, ஒரே ஒரு தரம் அசைந்தது.

“சிக்கு விட்டுருச்சு! கட்டிட்டான்!” என்று கூவினான் வேலு. “இழு, பெலான் பெலான், மெதுவா!”

இன்னொரு கயிற்றில் அய்யாவு முதலில் வந்தான். அவனைப் பார்க்காமல் அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து வீரமுத்து வந்தான். சிவசம்பு முகமூடியைக் கழற்றியதும் இருமி இருமித் தரையில் விழுந்தான். கண்ணெல்லாம் நீர்.

“என்ன புள்ள... கோயிலுக்குள்ள ஒக்காந்தா அமுக்குன? நெஞ்சு பூரா சாம்பிராணி.”

அது செல்லத்தின் காதிலும் விழுந்தது. அவள் மகனைக் கிடத்திய பாயில் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

கருப்பாயி துருத்தியை விட்டு எழுந்தாள். குதிகாலை ஊன்ற முடியவில்லை. நொண்டிக்கொண்டே பாயருகே வந்து நின்றாள். செல்லம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பிறகு, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.